மூன்று வார ஊழியத்துக்குப் போகிறவர்கள் அந்த ஊர் மெக்கானிக்கிடம் முதலில் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நம் மாவட்டத்துச் சபைகளில் இருந்து வாலிபர்கள் இரண்டு வாரம், மூன்று வாரம் என்று ஆப்பிரிக்காவுக்கு ஊழியம் செய்யப் போய்வருவதைப் பற்றி உங்கள் நாளிதழில் செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து வந்த கடிதங்களையும் படித்தேன். ஒருவர் இதெல்லாம் வீண் செலவு, அந்தப் பணத்தை அப்படியே அனுப்பிவிட்டு வீட்டில் இருக்கலாம் என்று எழுதியிருந்தார். இன்னொருவர் இது ஆண்டவருடைய காரியம், இதில் கணக்குப் பார்ப்பதே தப்பு என்று எழுதியிருந்தார். இரண்டும் என் மனசுக்கு ஒப்பவில்லை. நான் உகாண்டாவுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை நல்லது செய்கிறோம் என்று நினைத்து ஒரு ஊருக்கே கெடுதல் செய்துவிட்டு வந்தேன். இரண்டாம் தடவை அதைச் சரிசெய்யப் போனேன். கணக்குப் பார்க்காமல் போனதால் வந்த கெடுதல் அது. ஆனால் வீட்டிலேயே இருந்திருந்தால் நான் கற்றுக்கொண்டது எதையும் கற்றிருக்க மாட்டேன், அதுவும் உண்மை.

எனக்கு ஊர் களியக்காவிளை பக்கம். செக்போஸ்ட்டைத் தாண்டி நடந்தால் கேரளம். வீட்டில் தமிழ், சந்தையில் பாதி மலையாளம் என்று வளர்ந்தவன். 1986-ல் ஒரு கான்ட்ராக்டரிடம் கையாளாகச் சேர்ந்தேன். நம் பக்கம் வீட்டுக்கு வீடு கிணறு, அதனால் அடிபம்பு வேலை எல்லாம் கிழக்கே, சாத்தான்குளம், விளாத்திகுளம் என்று தண்ணீர் இல்லாத ஊர்களில்தான். பைப் இறக்குவது, ஏற்றுவது, வாஷர் மாற்றுவது, செயின் மாற்றுவது. இருபது வருஷத்துக்கு மேல் அதுதான் சோறு போட்டது. அப்புறம் ஊருக்கே வந்து பிளம்பிங் வேலை பார்த்தேன்.

2014 ஜனவரியில் எங்கள் சேகரத்தில் இருந்து, அதாவது ஒரே போதகருக்குக் கீழ் உள்ள சபைகளில் இருந்து, பதினான்கு பேர் போனோம். எங்கள் ஐயரோடு (சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்போம்) சேர்ந்து இறையியல் படித்த ஒருவர் உகாண்டாவின் கிழக்குப் பகுதியில், சொரொட்டி நகரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் போதகராக இருந்தார். அவர் கூப்பிட்டார் என்று போனோம். கிளம்புவதற்கு முன்னால் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டும், போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் அந்தச் சான்றிதழ் செல்லும். அது கையில் இல்லாமல் திரும்பி வந்தால் நம் ஏர்போர்ட்டிலேயே தனியாக வைத்துவிடுவார்கள். அந்த ஊசிக்கும், மலேரியா மாத்திரைக்கும், கொசுவலைக்கும், ஒரே நிறத்தில் சபைப் பெயர் அச்சடித்த டி-சர்ட்டுக்கும் எவ்வளவு அலைந்தோம் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அந்த ஊரில் என்ன வேலை இருக்கிறது, அதை இப்போது யார் செய்கிறார்கள் என்று கேட்க ஒரு போன் கூடப் போடவில்லை.

திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் மாறி, எண்டெபியில் இறங்கினோம். அங்கிருந்து வேனில் ஒரு பகல் முழுக்கப் பயணம். ஜிஞ்சாவில் நைல் நதியைக் கடக்கும்போது வண்டியை நிறுத்தச் சொல்லி எல்லோரும் பார்த்தோம். விக்டோரியா ஏரியில் இருந்து நைல் வெளியே வரும் இடம் அது. காந்தியின் அஸ்தியில் ஒரு பங்கை 1948-ல் அங்கேதான் கரைத்தார்கள், சிலையும் இருக்கிறது. அதற்கு மேல் வடக்கே போகப் போக மலை குறைந்து, சமதரையும் சதுப்பும், நடுநடுவே திடீரென்று எழும்பி நிற்கும் பாறையுமாக இருந்தது. சொரொட்டி ஊரே ஒரு பெரிய பாறைக்குக் கீழேதான் இருக்கிறது.

அங்கே பேசுவது அதேசோ மொழி. பார்த்தவுடன் வணக்கம் சொல்வதற்கு அவர்கள் சொல்லும் சொல் 'யோகா'. நம்மூர் யோகா என்று நினைத்து எங்கள் பிள்ளைகள் முதலில் திகைத்துவிட்டார்கள். சாப்பாடு என்ன தெரியுமா? மரச்சீனி! நம் வீட்டு மரச்சீனிதான், மரவள்ளிக்கிழங்கு என்பார்களே அது. சீவி, பாறை மேல் காயப்போட்டு, மாவாக்கி, கேழ்வரகு மாவோடு சேர்த்துக் கிண்டிக் களியாகத் தருகிறார்கள். பஞ்ச காலத்தில் ஜனங்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று விசாகம் திருநாள் மகாராஜா திருவிதாங்கூர் முழுக்க அதை நடச் சொன்ன கதையை எங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். அங்கேயும் அது பஞ்சத்துக்குக் கை கொடுக்கும் கிழங்குதான். 1980-களில் மாட்டுக் கொள்ளையிலும் அதற்குப் பிறகு நடந்த கலகத்திலும் அந்த ஜனங்கள் மாடுகளை எல்லாம் இழந்தார்கள். உழ மாடில்லாத வீட்டில் மண்வெட்டியால் கொத்தி மரச்சீனி நட்டுப் பிழைத்ததாக ஒரு பெரியவர் எங்களிடம் சொன்னார். சட்டியில் அது வேகும் வாசனை வந்ததும் எங்கள் கூட வந்த ஒரு சேச்சி அழுதுவிட்டார்கள். அந்தப் பதினான்கு பேரில் ஒருவர் கூட மனசில் கள்ளம் வைத்துக்கொண்டு போகவில்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்குத் தந்த வேலை பள்ளிக்கூடத்துக்கு ஒரு சுவர் எழுப்பி வெள்ளையடிப்பது. பதினான்கு பேரில் கொத்துக்கரண்டி பிடித்தவர் ஒருவர் கூட இல்லை. பேங்க் வேலை, டீச்சர், கம்ப்யூட்டர், இரண்டு நர்ஸ், காலேஜ் பிள்ளைகள். காலையில் ஜெபம் முடித்து, செங்கல் சுமந்து, எங்களுக்குத் தெரிந்த மாதிரி அடுக்கினோம். மாமரத்தடியில் இரண்டு பேர் தினமும் வந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். நாலாவது நாள்தான் தெரிந்தது, அவர்கள் அந்த ஊர்க் கொத்தனார்கள். பள்ளிக்கூடத்தின் மற்ற சுவர்களைக் கட்டியவர்களே அவர்கள்தான். எங்களில் ஒருவருடைய விமான டிக்கெட் காசு இருந்தால் அந்த இரண்டு பேருக்கும் பல மாதம் வேலை கொடுத்திருக்கலாம். நாங்கள் எழுப்பிய சுவரில் தூக்குக்குண்டு விட்டுப் பார்த்தால் நேர் இல்லை. நாங்கள் கிளம்பிய பிறகு அவர்கள் பாதியைப் பிரித்துக் கட்டினார்கள் என்று பின்னால் கேள்விப்பட்டேன். அதற்குக் கூலி யார் கொடுத்தார்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சரி, சுவர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான் எழுத வந்தது பம்பு கதை.

அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் ஒரு அடிபம்பு ஓடாமல் நின்றது. பார்த்த உடனே எனக்கு மயிர் சிலிர்த்தது. இந்தியா மார்க் டூ! மூன்று காலில் நிற்கிற அதே ஸ்டாண்டு, அதே தலை, அதே நீளக் கைப்பிடி. இந்த பம்பின் கதை உங்கள் வாசகர்களில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். 1970-கள் வரை நம் நாட்டிலும் ஊர் பம்புகளில் பெரும்பாலானவை ஓடாமல்தான் கிடந்தன. ஒரு வீட்டுக்கென்று செய்த வார்ப்பிரும்பு பம்பை ஒரு ஊரே நாள் முழுக்க அடித்தால் எத்தனை நாள் தாங்கும்? மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் பக்கம் கிறிஸ்தவ மிஷன்களின் தண்ணீர் வேலையோடு சேர்ந்த பட்டறைகளில்தான் இரும்புத் தகடும் செயினும் வைத்து ஊருக்கே தாங்குகிற பம்பு ஒன்று உருவானது. அதை எடுத்து யுனிசெஃப்பும் நம் அரசு நிறுவனங்களும் சேர்ந்து செம்மைப்படுத்தின. சென்னையில் செய்து, தண்ணீர் ஆழத்தில் கிடக்கிற கோயம்புத்தூர் பக்கத்து ஊர்களில் போட்டுப் பல மாதம் அடிக்கவிட்டுப் பார்த்தார்கள். அதுதான் மார்க் டூ. அங்கிருந்து ஆப்பிரிக்காவில் நாடு நாடாகப் போனது. உகாண்டாவில் அதை யூ-டூ என்பார்கள்.

நம் மண்ணில் அடித்துப் பார்த்துத் தேறிய பம்பு, அதிலேயே என் இளமை எல்லாம் போயிருக்கிறது, அது என் முன்னால் செத்து நிற்கிறது. ஆண்டவர் இதற்குத்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தார் என்று அன்று ராத்திரி ஜெபத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். எல்லோரும் ஆமென் சொன்னார்கள்.

மறுநாள் அந்த வட்டாரத்து பம்பு மெக்கானிக்கை அழைத்து வந்தார்கள். என்னைவிட இளையவர், ஒல்லியான மனுஷன், ஒரு பைப் ரெஞ்சை சைக்கிள் பாரில் கட்டி எடுத்து வந்தார். அந்த நாட்டில் மாவட்டத்துக்கு மாவட்டம் இப்படி பம்பு மெக்கானிக்குகள் சங்கம் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு பம்புக்கும் ஊரில் ஒரு கமிட்டி உண்டு, பெண்கள்தான் அதிகம். தண்ணீர் எடுக்கிற வீடுகள் மாதம் ஒரு சிறு தொகை கமிட்டியில் கட்ட வேண்டும், பழுது வந்தால் அதில் இருந்து மெக்கானிக்குக்குக் கூலி. ஏற்பாடு அதுதான். எல்லா ஊரிலும் ஒழுங்காக நடக்கிறது என்று சொல்ல மாட்டேன், ஆனாலும் நடக்கிற ஊரில் பம்பு ஓடுகிறது.

அவரும் நானும் சேர்ந்து பைப்பை ஏற்றினோம். பத்து பைப், ஒவ்வொன்றும் மூன்று மீட்டர். வெளியே எடுத்தால் ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய இரும்பு பைப், முழுக்கத் துரு பிடித்து, மரை எல்லாம் தின்றுபோய், இரண்டு பைப்பில் விரல் நுழைகிற ஓட்டை. அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திரும்பத் திரும்ப என்னிடம் ஒன்றைச் சொன்னார்: இங்கே ஜிஐ போடாதீர்கள், இந்தத் தண்ணீர் அதைத் தின்றுவிடும், பிளாஸ்டிக் பைப் வந்திருக்கிறது, காசு சேர்த்து அதைப் போடலாம், கொஞ்சம் பொறுங்கள். நான் கேட்கவில்லை. எங்களுக்கு இன்னும் ஆறு நாள்தான் இருந்தது. விளாத்திகுளத்தில் நான் இறக்கிய ஜிஐ பைப் பதினைந்து வருஷம் கழித்தும் நன்றாக இருந்ததைப் பார்த்தவன் நான். இவர் அனுபவம் இல்லாமல் பேசுகிறார், அல்லது மட்டமான பைப் வாங்கிப் போட்டிருப்பார் என்று நினைத்தேன். சொரொட்டியில் கடைக்குப் போய், இருக்கிறதிலேயே கனமான புது ஜிஐ பைப் பத்து வாங்கி, புது வாஷர், புது செயின் எல்லாம் போட்டு, எங்கள் சபைக் காசிலேயே முடித்தேன். மெக்கானிக்குக்கு உதவியாள் கூலி என்று கொஞ்சம் கொடுத்தோம். தண்ணீர் வந்தது. பெண்கள் குலவை இட்டார்கள். ஐயர் ஜெபம் செய்தார். அந்தப் போட்டோ எங்கள் சபை மலரில் அட்டைப் படமாக வந்தது, வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருந்தேன்.

ஒரு வருஷம் ஆவதற்குள் அந்தப் போதகர் போன் செய்தார். தண்ணீர் காலையில் பழுப்பாக வருகிறது, டீ போட்டால் கறுக்கிறது, துணி கறை பிடிக்கிறது, வாயில் வைத்தால் இரும்பு ருசி. பெண்கள் பழையபடி சதுப்பில் இருக்கிற திறந்த ஊற்றுக்கே போய்விட்டார்கள் என்றார். மாடு குடிக்கிற தண்ணீர் அது. கமிட்டியைக் கூப்பிட்டுப் பேசலாமே என்றேன். கமிட்டியே இல்லை என்றார். ஏன்? மாதம் மாதம் காசு கேட்டபோது ஜனங்கள், இந்தியாவில் இருந்து வந்தவர்கள் சும்மா செய்து கொடுத்தார்களே, கெட்டுப்போனால் திரும்பவும் வருவார்கள், நாங்கள் எதற்குக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். பக்கத்து ஊர்களிலும் அதே பேச்சு பரவி, அந்த மெக்கானிக்கைக் கூப்பிடுவதே குறைந்துவிட்டது. அவர் சில மாதம் வாடகை பைக் ஓட்டிப் பிழைத்தாராம்.

ஆசிரியர் அவர்களே, அந்தப் போட்டோவை அன்றே கழற்றி வைத்துவிட்டேன். பம்பைக் கெடுத்தது மட்டும் இல்லை, அந்த ஊர் தன் கையால் தன் பம்பைப் பார்த்துக்கொள்ளும் வழக்கத்தையும், அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனுஷனின் தொழிலையும் சேர்த்துக் கெடுத்தேன். மூன்று வாரத்தில்.

2017 பிப்ரவரியில் நாலு பேர் மட்டும் போனோம். நான், ஐடிஐ-யில் ஃபிட்டர் முடித்த இரண்டு பையன்கள், கணக்கு வழக்கு தெரிந்த ஒரு அக்கா. முதல் நாள் அந்த மெக்கானிக் வீட்டுக்குப் போய், உங்கள் பேச்சைக் கேட்காதது என் தப்பு, இந்தத் தடவை உங்களுக்குக் கீழே வேலை செய்ய வந்திருக்கிறோம் என்று சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் நிலக்கடலை வறுத்து எடுத்து வந்தார். அவருடைய அம்மாவும் வந்து உட்கார்ந்தார். அம்மாவை அவர்கள் 'டோட்டோ' என்பார்கள். கடலையைத் தின்று முடித்த பிறகு, நாளைக்குக் காலையில் சூரியன் வருவதற்கு முன்னால் பம்புக்கு வாருங்கள் என்றார்.

போனோம். யாரும் அடிக்காத முதல் தண்ணீரை ஒரு வெள்ளைக் கேனில் பிடித்தார். துரு நிறம். அப்புறம் எங்களை அடிக்கச் சொன்னார். அடித்தோம், மாற்றி மாற்றி அடித்தோம், கேன் கேனாகக் கொட்டினோம். ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு கேனில் பிடித்தார். தெளிவான தண்ணீர். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். இரும்பு பாறையில் இருந்து வந்தால் எவ்வளவு அடித்தாலும் தண்ணீர் பழுப்பாகத்தான் வரும். ராத்திரி முழுக்கப் பைப்புக்குள் நின்ற தண்ணீர்தான் பழுப்பாக வருகிறது என்றால் அது பைப்பைத் தின்கிற துரு. இருபது வருஷத்துக்கு மேல் பம்பு வேலை செய்த எனக்கு இது தெரியாது. எங்கள் ஊர்த் தண்ணீருக்கு அந்தக் குணம் இல்லை, அதனால் தெரிந்துகொள்ள வேண்டி வரவில்லை. அங்கே நிலத்தடித் தண்ணீர் பல இடத்தில் புளிப்புத் தன்மை உள்ளது, புளிப்பைக் காட்டும் பிஎச் அளவு ஆறரைக்குக் கீழே போனால் ஜிஐ பைப்பின் துத்தநாகப் பூச்சு கரைந்து அப்புறம் இரும்பையே தின்னும். உகாண்டா அரசாங்கமே 2016-ல் ஆழ்துளைக் கிணற்று பம்புகளுக்கு ஜிஐ பைப் போடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டது. அரசாங்கம் 2016-ல் சொன்னதை அந்த மனுஷன் என்னிடம் 2014-லேயே சொன்னார்.

அந்த மூன்று வாரம் நாங்கள் அவருக்குக் கையாட்கள். அவர் எந்த ஊருக்குச் சொல்கிறாரோ அந்த ஊர், எந்த பம்பைச் சொல்கிறாரோ அந்த பம்பு. முதலில் கமிட்டிப் பெண்களைக் கூட்டி உட்கார வைப்பார், அவர்கள் தங்கள் பங்கைச் சேர்த்து வைத்தால்தான் ரெஞ்சைக் கையில் எடுப்பார். ஒரு ஊரில் பணம் சேரவில்லை, எங்கள் பையன்களுக்குப் பொறுக்கவில்லை, நாமே போட்டுவிடலாமே அங்கிள் என்றார்கள். அவர் ஒத்துக்கொள்ளவில்லை, எங்களைக் கூட்டிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டார். எட்டு நாள் கழித்து அந்த ஊர்க்காரர்களே கோழி விற்றும் கடலை விற்றும் காசு சேர்த்துக்கொண்டு ஆள் அனுப்பினார்கள். நான் கெடுத்த பம்பை மட்டும் எங்கள் செலவிலேயே கழற்றி, பிளாஸ்டிக் பைப்பும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ராடும் போட்டோம். அது உதவி இல்லை, கடன், அதை ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று நானே சொன்னேன், போதகர் அதேசோவில் மொழிபெயர்த்தார்.

எங்கள் பையன்கள் அங்கே என்ன கொடுத்தார்கள் என்று கேட்டால், சில விஷயம் உண்மையாகவே கொடுத்தார்கள். மரை போட டை செட் அவரிடம் இல்லை, அதை எடுத்துப் போயிருந்தோம், தேய்ந்த ராடுக்கு மரை வெட்டுவதை அவருக்கும் அவருடைய இரண்டு சீடர்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள். பைப்பைத் தூக்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்றை அந்த ஊர்ப் பட்டறையிலேயே, அங்கே கிடைக்கிற இரும்பில், வெல்டிங் செய்து கொடுத்தார்கள். அக்கா கமிட்டிப் பெண்களோடு உட்கார்ந்து, நம் ஊர் சுய உதவிக் குழு நோட்டு மாதிரி ஒரு வரவு செலவு நோட்டு போட்டுக் கொடுத்தார்கள். அவர்கள் அதில் தங்களுக்குத் தகுந்தபடி நாலு கட்டத்தை அழித்து இரண்டு கட்டம் சேர்த்துக்கொண்டார்கள். சுவரைவிட இது நிற்கும் என்று எனக்கு அப்போதே தோன்றியது.

சஹாராவுக்குத் தெற்கே உள்ள நாடுகளில் எந்த நாளில் போய்ப் பார்த்தாலும் நாலு அடிபம்புக்கு ஒன்று ஓடாமல் நிற்கிறது என்று கணக்கு சொல்கிறார்கள். அந்த ஒன்றில் பல, என்னைப் போல நல்ல மனசோடு வந்தவர்கள் போட்டுவிட்டுப் போனதாகத்தான் இருக்கும் என்று நினைக்கும்போது தூக்கம் வருவதில்லை.

நம் ஜில்லாக்காரர்களுக்கு இது புரிய வேண்டும், ஏனென்றால் நாம் ஒரு காலத்தில் வாங்குகிற கையாக இருந்தவர்கள். நெய்யூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சோமர்வெல் இருந்தாரே, அவர் 1922-ல் எவரெஸ்ட் ஏற வந்தவர். மலையில் இருந்து இறங்கி இந்தியாவைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு நெய்யூருக்கு வந்தார், சில நாள் பார்த்துவிட்டுப் போகத்தான் வந்தார். வரிசையில் காத்துக் கிடந்த நோயாளிகளையும் ஓய்வில்லாமல் வேலை செய்த ஒரே வைத்தியரையும் பார்த்தார், லண்டன் வேலையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிட்டார். 1924-ல் இன்னொரு தடவை எவரெஸ்டுக்குப் போனதைத் தவிர அவருடைய நல்ல வயதெல்லாம் நம் ஜனங்களுக்கு ஆபரேஷன் செய்வதிலேயே போனது. சுற்றிப் பார்க்க வந்த பயணத்துக்கும் அர்த்தம் உண்டு என்று நான் சொல்வது இதனால்தான். வந்தவர் கண்ணைத் திறந்து பார்த்தார், தன் தொழிலைக் கொண்டு வந்தார், திரும்பி வந்தார்.

மார்த்தாண்டத்தில் ஒய்எம்சிஏ-யில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920-களில் வந்து தேனீயும் கோழியும் வளர்க்கக் கற்றுக் கொடுத்ததை நம் பெரியவர்கள் சொல்வார்கள். ஜனங்கள் தங்கள் காரியத்தைத் தாங்களே செய்ய வேண்டும், தெரிந்தவர் பக்கத்தில் இருந்து சொல்லிக் கொடுத்தால் போதும் என்பது அவருடைய வழி. இலவசமாக முட்டை கொடுத்துவிட்டுப் போகவில்லை, முட்டை விற்கச் சங்கம் வைக்கப் பழக்கினார். இன்றைக்கும் மார்த்தாண்டம் தேன் என்றால் ஊர் ஊராகத் தெரிகிறது. நமக்கு இப்படி நடந்த நன்மையை மறந்துவிட்டு, நாம் போகும்போது மட்டும் டி-சர்ட்டும் மிட்டாய்ப் பையுமாகப் போனால் எப்படி?

அதனால் சபைப் பெரியவர்களிடம் நான் கேட்பது, இருபது பேரை வேனில் ஏற்றாதீர்கள். நாலு பேர் போகட்டும், கையில் தொழில் உள்ளவர்களாகப் போகட்டும். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், ரப்பர் ஷீட் அடிக்கத் தெரிந்தவர், தேனீக்காரர், லேப் டெக்னீஷியன், கணக்கு எழுதத் தெரிந்த சுய உதவிக் குழு அக்கா. நம் ஊரில் இப்படி எத்தனை பேர் இருக்கிறார்கள்! இவர்களை யாரும் மிஷன் பயணத்துக்குக் கூப்பிடுவதில்லை, ஆங்கிலம் தெரியாது என்று விட்டுவிடுகிறார்கள். ரெஞ்சு பிடிக்கிறவனுக்கும் ரெஞ்சு பிடிக்கிறவனுக்கும் நடுவில் பாஷை அவ்வளவு தடை இல்லை, நான் பார்த்துவிட்டேன். டிக்கெட் எடுப்பதற்கு முன்னால் அங்கே அந்த வேலையைச் செய்து பிழைக்கிறவர் யார் என்று விசாரித்து அவரிடமே கேளுங்கள், வரட்டுமா, எப்போது வரட்டும், எதைக் கொண்டுவரட்டும் என்று. அவர் வேண்டாம் என்றால் போகாதீர்கள். போனால் அதே ஊருக்கே திரும்பத் திரும்பப் போங்கள், வருஷத்துக்கு ஒரு நாடு என்று சுற்றாதீர்கள், போன வருஷம் செய்தது என்ன ஆனது என்று பார்க்காதவன் ஒரு நாளும் கற்றுக்கொள்ள மாட்டான்.

வாலிபப் பிள்ளைகளிடம் ஒன்று. குழந்தைகள் காப்பகத்துக்குப் போய்க் கொஞ்சி, போட்டோ எடுத்து, பத்து நாள் கழித்துக் கண்ணீரோடு கிளம்பி வராதீர்கள். அந்த நாட்டில் காப்பகங்களில் இருக்கிற பிள்ளைகளில் பலருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடுதான் இருக்கிறார்கள், வறுமையால் விட்டிருக்கிறார்கள். பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே வெளிநாட்டுக் காசு வருகிறது என்று ஆகிவிட்டால் வீட்டில் இருக்க வேண்டிய பிள்ளையும் காப்பகத்துக்குப் போகும். வருகிறவர்கள் எல்லாம் மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு மறைந்துபோனால் அந்தப் பிள்ளை மனசு என்ன ஆகும் என்று உங்கள் வீட்டுப் பிள்ளையை வைத்து நினைத்துப் பாருங்கள். அந்த ஊர் அம்மாமார் கேட்டால் மரச்சீனி சீவக் கூட உட்காருங்கள், அது போதும்.

பணத்தை அப்படியே அனுப்பிவிடலாம் என்று எழுதிய நண்பருக்கும் பதில் சொல்ல வேண்டும். அவர் சொல்வதில் பாதி நியாயம். நாங்களும் இப்போது பெரும்பாலும் அப்படித்தான் செய்கிறோம். ஆனால் 2014-ல் அவர் சொன்னபடி நாங்கள் பணம் மட்டும் அனுப்பியிருந்தாலும், அந்த மெக்கானிக்கிடம் கேட்காமல் அனுப்பியிருந்தால், அதே ஜிஐ பைப்தான் அந்தக் குழிக்குள் இறங்கியிருக்கும். யார் பேச்சைக் கேட்டுக் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம், ஆள் போகிறதா காசு போகிறதா என்பது இல்லை.

அவரோடு இப்போது வாரம் ஒரு தடவையாவது வாட்ஸ்அப்பில் பேசுகிறேன். ஏதாவது புது மாதிரி பழுது வந்தால் போட்டோ அனுப்புவார், எனக்குத் தெரிந்தால் சொல்வேன், எனக்கு இங்கே சந்தேகம் வந்தால் அவரைக் கேட்பேன். அந்த இரண்டு சீடர்களும் இப்போது தனியாக வேலைக்குப் போகிறார்கள், ஒருவர் பெண். பள்ளிக்கூடத்து பம்பு ஓடுகிறது, கமிட்டி திரும்பவும் காசு வாங்குகிறது. போன மாதம் எங்கள் சபையில் இருந்து ஃபிட்டர் முடித்த இன்னும் இரண்டு பிள்ளைகள் போக விரும்புகிறார்கள் என்று சொல்லி, வரட்டுமா என்று அவரிடம் கேட்டேன். வரட்டும், ஆனால் ராடுக்கு மரை வெட்டும் டை ஒன்று கொண்டுவர வேண்டும், பழையது மழுங்கிவிட்டது, பிப்ரவரி முடிவதற்குள் வேலையை முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், மார்ச்சில் மழை பிடித்துவிட்டால் பைப் ஏற்றிய வண்டி அந்த மண் ரோட்டில் போகாது என்று பதில் போட்டார். ஜனவரி இரண்டாம் வாரத்துக்கு டிக்கெட் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். டை மார்த்தாண்டத்தில் வாங்கியாகிவிட்டது.

அன்புடன்,
ஒரு அடிபம்பு மெக்கானிக்,
களியக்காவிளை